ஜெயகௌரி அக்காவின் கையும் கிராங்கன்காசையும்

“இதிலை நிப்பாட்டுங்கோ. நிப்பாட்டிப் போட்டுத் தட்டைப் பாருங்கோ” என்று எட்டாம் இலக்க ட்ராமில் பக்கத்தில் இருந்தவரின் மூக்குக்கு நேரே வீடியோ ஓடும் கைபேசியைப் பிடிக்கிறார் ஜெயகௌரி அக்கா. பக்கத்தில் இருந்தவர் ஒரு சுவிஸ் மூதாட்டி. தமிழில் ஓர் எழுத்தும் தெரியாதவர். படம் பார்க்கப் பாஷை எதற்கு என்பது அக்காவின் கட்சி.

படத்தில் ஒரு கல்யாண மண்டபம். அக்கா ஆரத்தி சுற்றும் ஆலாத்தித் தட்டோடு மேடையை நோக்கி நடக்கிறார். மேலே இருந்து கமராவைச் சுமந்துகொண்டு ஒரு கிரேன் இறங்குகிறது. இறங்கியது நிற்காமல் அக்காவின் தோளில் மோதுகிறது. அக்கா விழுகிறார். வலக்கை மேடை விளிம்பில் அடிபடுகிறது. இடக்கை மட்டும் தட்டை ஏந்தியபடி அந்தரத்தில் நிற்கிறது. மூன்று திரியும் எரிகின்றன. மூதாட்டி “மைன் கொட்” என்று நெஞ்சில் கை வைத்தார். அவர் கடவுளைக் கூப்பிட்டது முறிந்த கைக்காக. அக்கா அதைத் தட்டுக்குக் கிடைத்த பாராட்டாக எடுத்துக்கொண்டார்.

“விழுந்தனான், ஓம். தட்டை விட்டனானோ?”

அக்காவுக்கு என்ன வேலை என்று கேட்டால், வாரத்தில் இரண்டு நாள் காலையில் ஒரு பல் வைத்தியரின் இடத்தைத் துப்புரவு செய்வது என்பார். அது சம்பளத்துக்கு. மெய்யான உத்தியோகம் ஆலாத்தி எடுப்பதுதான். சூரிச்சில் நம்மவர் வீட்டுக் கல்யாணமோ, பெண்பிள்ளை பெரியபிள்ளையானதற்குச் செய்யும் சாமத்தியச் சடங்கோ எதுவென்றாலும் அக்கா வந்தாக வேண்டும். பட்டுச் சேலைக்கு மேல் பனி ஜக்கெட், காலில் ஓட்டச் சப்பாத்து, பின்னால் கடகடவென்று வரும் சில்லுப் பெட்டி. பெட்டிக்குள் தட்டும் திரியும் வாழைப்பழமும். பழத்தை வட்டமாக வெட்டி, நடுவில் திரி குத்திக் கொளுத்த வேண்டும் என்பதால் சுப்பர்மார்க்கெட்டில் ஒவ்வொரு பழமாக நுள்ளிப் பார்ப்பார். “கனிஞ்சால் திரி சரிஞ்சு போடும், தம்பி.” நெருப்பு என்றதும் மண்டபத்துப் பொறுப்பாளர் முகத்தைச் சுளிப்பார். அக்கா இரண்டு விரலைக் குறுக்கிக் காட்டி, “கிளைன், கிளைன்” என்று சின்னத் தீயாக்கிச் சமாளித்துவிடுவார். நான் மேல்மாடிக்காரன். அக்காவுக்கு வரும் ஜெர்மன் கடிதங்களை வாசித்துச் சொல்வதும், அவர் சொல்லும் பதிலை நாகரிகப்படுத்துவதும் என் தலையெழுத்து.

கிரேன் தவச்செல்வனுடையது. கல்யாண வீடியோ எடுப்பவன், அக்காவுக்குத் தூரத்து உறவு. மருத்துவமனையில் தாதி, “எப்படி விழுந்தீர்கள், யாரும் தள்ளினார்களா?” என்று கேட்டபோது அக்கா தன் சமையலறை ஜெர்மனில், “கூடாத காலம்” என்று மட்டும் சொன்னார். அகதியாக வந்த நாளிலிருந்து அக்காவுக்கு ஒரு கொள்கை உண்டு. எந்தக் கந்தோரிலும், எந்த அலுவலர் கேட்டாலும், நம்மவன் பெயரைச் சொல்லக்கூடாது. ஆகவே கிராங்கன்காசை என்று நம் சனம் சொல்லும் மருத்துவக் காப்புறுதியும் கூடாத காலத்தின் பேரில் சத்திரசிகிச்சைக்கும் கைக்குள் வைத்த தகட்டுக்கும் காசைக் கட்டிவிட்டிருந்தது.

தவச்செல்வனோ நேர்மையான பெடியன். தொழிலுக்கு அவனும் ஒரு காப்புறுதி வைத்திருந்தான். என் கிரேன்தான் அக்காவின் கையை முறித்தது என்று தானே போய்ச் சொன்னான். அந்தக் கொம்பனி அக்காவுக்கு ஒரு நட்டஈடு அனுப்பியது. வலிக்கும் வைத்தியத்துக்கும் எல்லாவற்றுக்கும் சேர்த்து. அக்கா என்னிடம் கேட்காமலே கையெழுத்தும் வைத்தார், இடக்கையால்.

இனித்தான் கூத்து. கொம்பனி தந்த காசு என்று எத்தனை தரம் சொன்னாலும் அக்காவின் காதில் ஏறவில்லை. “கொம்பனி தந்தாலென்ன, அவன்ர பேரிலைதானே வந்தது? சொந்தக்காரனிட்டை நோவுக்குக் காசு வாங்கிப் போட்டு நாளைக்கு என்னெண்டு முகத்தைப் பாக்கிறது?” அடுத்த மாதம் தவச்செல்வனின் மகள் வேணுகாவுக்குச் சாமத்தியச் சடங்கு. கட்டு அவிழ்த்த கையோடு அக்கா ஆலாத்தி எடுத்தார். எடுத்து முடித்து, நட்டஈடு முழுவதையும் ஒரு தங்கச் சங்கிலியாகப் பிள்ளையின் கழுத்தில் போட்டார். கையை முறித்தவன் வீட்டுக்கே காசு திரும்பிப் போய்ச் சேர்ந்தது. அன்று அக்காவுக்கு இருந்த நிம்மதியை நான் வேறெவர் முகத்திலும் கண்டதில்லை.

பிறகு இரண்டு காப்புறுதிக்காரரும் தங்களுக்குள் கதைத்துக்கொண்டார்கள். கிராங்கன்காசை அக்காவைக் கூப்பிட்டது. மொழிபெயர்க்க நானும் போனேன். மேசைக்கு அப்பால் இருந்த பெண்ணின் பெயர் திரேசா. நல்ல மனுஷி, தண்ணீரும் தந்தார். வைத்தியச் செலவை நாங்கள் கட்டினோம், அதே செலவுக்கு நீங்களும் நட்டஈடு வாங்கியிருக்கிறீர்கள், ஆகவே அந்தப் பங்கு எங்களுக்குச் சேர வேண்டும் என்றார்.

“என்ர கை, என்ர நோ. இவைக்கு என்ன பங்கு?”

“ஒரே கைக்கு இரண்டு தரம் காசு எடுக்க ஏலாதாம் அக்கா.”

“நொந்தது ஒரு தரமோ?”

இதை நான் மொழிபெயர்க்கவில்லை. காசு எங்கே என்று திரேசா கேட்டார். சங்கிலிக் கதையைச் சொன்னேன். திரேசா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, “விபத்துக்குக் காரணமானவரின் மகளுக்கா?” என்று கேட்டார். ஓம் என்றேன். இன்னொரு தரம் கேட்டார். பிறகு அவருக்குத் தெரிந்த நியாயமான வழியைச் சொன்னார். நிலைமையை விளக்கி அந்தச் சங்கிலியைத் திருப்பிக் கேட்கலாமே.

நான் அதைத் தமிழில் சொன்னதும் அக்கா, நானே அந்த யோசனையைச் சொன்னது போல என்னை முறைத்தார். பிறகு திரேசாவை மேலும் கீழும் பார்த்தார். கோபம் போய் அவர் முகத்தில் மெய்யான இரக்கம் வந்துவிட்டது.

“பாவம். இவவுக்குச் சொந்தக்காரர் ஒருத்தரும் இல்லைப் போல.”

என்ன சொல்கிறார் என்று திரேசா கேட்டார். யோசிப்பதாகச் சொல்கிறார் என்றேன்.

திரும்பி வரும் வழியில் அக்கா கைபேசியை வெளியே எடுக்கவில்லை. ட்ராமில் பக்கத்து இருக்கையில் ஓர் ஆள் சும்மா இருந்தும் எடுக்கவில்லை. எனக்குப் பயமாகிவிட்டது. இறங்கும்போது மட்டும், “தவச்செல்வனுக்கு மூச்சுக் காட்டப்படாது. தெரிஞ்சால் அந்தப் பிள்ளையின்ர கழுத்திலை கிடக்கிறதைக் கழட்டிக்கொண்டு வந்து நிப்பான். பிறகு நான் எந்தச் சபையிலை தட்டோடை நிக்கிறது?” என்றார்.

நான் மூச்சுக் காட்டவில்லை. அவனுடைய கொம்பனியே அவனுக்கு அறிவித்துவிட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, நான் அக்கா வீட்டில் வடை தின்றுகொண்டிருந்தபோது, மகளையும் கூட்டிக்கொண்டு வந்து நின்றான்.

“அக்கா, எனக்கு எல்லாம் தெரியும். உந்தச் சங்கிலியை வித்து அவையின்ர பங்கைக் கட்டுங்கோ.”

வேணுகாவின் கை சங்கிலிக் கொளுக்கிக்குப் போனது.

“எடடி கையை!” அக்கா போட்ட சத்தத்தில் என் வடை விழுந்தது. “ஆலாத்தி எடுத்துப் போட்டதைக் கழட்டிறதோ? கிராங்கன்காசைப் பிரச்சினை போன கிழமையே முடிஞ்சுது. அவை எனக்கு விட்டுத் தந்திட்டினம்.”

“மெய்யாவோ அக்கா?”

“ஓம் எண்டுறன். அந்தத் திரேசா நல்ல பிள்ளை. இரு, தேத்தண்ணி போடுறன்.”

திரேசாவின் மேசைக்கு முன்னால் இருந்தவன் நான். அங்கே ஒரு சதமும் விட்டுத்தருவதாக ஒருவரும் சொல்லவில்லை. வாயைத் திறக்கப் போனேன். குசினியிலிருந்து அக்கா கோப்பையோடு வந்தார். அவர் இரண்டு கையிலும் எந்நேரமும் கிடக்கும் தங்கக் காப்புகளை அப்போதுதான் தேடினேன், வலக்கையில் காணவில்லை. வேணுகாவும் கண்டுவிட்டாள்.

“அன்ரி, காப்பு எங்க?”

“இந்தக் கை முறிஞ்சதெல்லோ? டொக்டர் போட வேண்டாமெண்டு சொல்லிப் போட்டார்.”

அது முறிந்த கைதான், காரணம் பொருந்தியது. தவச்செல்வன் தலையைக் குனிந்துகொண்டான். நான் மற்றக் கையைத் தேடினேன். அக்கா என் பக்கம் திரும்பவே இல்லை. முறியாத இடக்கையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு, முறிந்த வலக்கையாலேயே கோப்பையை அவனிடம் நீட்டினார்.