வெர்லின் அத்தான் புரட்டாத கல்

என் அக்காவைக் கட்டிய வெர்லின் அத்தானுக்கு வாழ்க்கையில் இரண்டே பெருமை. ஒன்று, மரமறுக்கும் மில்லில் காலம் தள்ளியும் பத்து விரலும் மிச்சம். இன்னொன்று, எங்கள் சர்ச்சில் ஞானஸ்நானம் என்றால் ஆற்றில் குளம் கட்டுவது அவர்தான். கடப்பாரையால் கற்களைப் புரட்டிக் குறுக்கே அடுக்கி இடுப்பளவு தண்ணீர் தேக்கிவிடுவார். ஊரில் பாதிப் பேர் அதில் முங்கியவர்கள். லோவெட்டா அக்கா மட்டும் அசையவில்லை. "உங்க கர்த்தருக்கு நான் வேணும்னா வீட்டுக்கு வரட்டும்" என்பாள். அத்தானுக்கு அது ஆறாத மனக்குறை.

அக்காவுக்கு நுரையீரலில் புற்று வந்தது. குளிர்காலம் தாங்காது என்று டாக்டர் கைவிரித்த பிறகு, ஒருநாள் சோளரொட்டியைப் பிட்டுக்கொண்டே, "சரி, முக்குங்க" என்றாள். அத்தான் வெளியே போய் அழுதார்.

அந்த செப்டம்பரில் மழை பொய்த்து, ஆறு கணுக்காலுக்குச் சற்று மேலேதான் ஓடியது. குளம் நிற்க வேண்டுமானால் நடுவிலிருந்த பெரிய தட்டைக்கல்லைப் புரட்டியாக வேண்டும். அதற்கடியில்தான் சளியன் குடியிருந்தது.

சளியன் என்பது எங்கள் ஆற்றுச் சாலமாண்டர், தண்ணீருக்குள் வாழும் பல்லி மாதிரிப் பிராணி. முழங்கை நீளம், தட்டைத் தலை, வழவழத்துத் தொங்கும் தோல். தூண்டிலில் மாட்டினால் விஷம் என்று மிதித்தே கொல்வார்கள். அது யாரையும் ஒன்றும் செய்யாது, கல்லை நகர்த்தினால் அதன் குடும்பம்தான் அழியும் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தவள் நான். என் வகுப்புப் பிள்ளைகள் அடியில் கண்ணாடி பதித்த வாளியால் பார்த்து, கல்லுக்கடியில் முட்டைகளையும் வாசலில் காவலிருந்த தகப்பனையும் கண்டுபிடித்திருந்தார்கள்.

ஞாயிறு காலை அத்தான் கடப்பாரையோடு இறங்கியபோது, அவர்கள் கல்லைச் சுற்றிக் கைகோத்து நின்றார்கள்.

"தள்ளுங்க பிள்ளைங்களா."

"மாட்டோம் தாத்தா" என்றாள் டெஸ்ஸி, முன்பல் விழுந்தவள். "உள்ள அப்பா இருக்காரு."

அத்தான் என் பக்கம் திரும்பினார். "எல்லாம் உன் வேலையா? உங்கக்கா மூச்சுக்குத் தவிக்கிறா, நீ ஓணானுக்கு வக்காலத்து வாங்குறியா?"

உண்மையைச் சொன்னால், புரட்டித் தொலைக்கட்டும் என்றுதான் மனசு சொன்னது. அவள் என் அக்கா.

அவர் டெஸ்ஸியை ஒதுக்கிவிட்டுக் கடப்பாரையைக் கொடுத்து நெம்பினார். கல் அசைந்தது. அடியிலிருந்து கலங்கல் கிளம்பியது. டெஸ்ஸி அழுதாள், ஆனால் நகரவில்லை.

கரையில் மடக்கு நாற்காலியிலிருந்து அக்கா கேட்டாள். "வெர்லின், அடியில என்ன?"

"சளியன்."

"என்ன பண்ணுது?"

"முட்டைக்குக் காவல் இருக்கு."

அக்கா இருமி முடித்தாள். "அதாவது வீட்ல இருக்கு. நீ ஒரு ஞாயித்துக்கிழமை இருந்திருக்கியா? கடப்பாரைய எடு. இருக்குற தண்ணியில என்னைப் படுக்க வை."

"பத்தாது லோவி. முழுசா முங்கணும். மூக்கு வெளிய தெரிஞ்சா செல்லாது." அக்கா இல்லாத பரலோகம் அவருக்குப் பயம்.

"எடுன்னு சொன்னேன்."

அத்தான் கல்லை மெல்ல இறக்கிவிட்டு, கடப்பாரையைக் கரையில் போட்டார்.

பாஸ்டரும் அவருமாக அக்காவைக் கூழாங்கல்மேல் சாய்த்தார்கள். தண்ணீர் காதை மூடியது, வாயை மூடியது. மூக்கு மட்டும் மேலே நின்றது. அத்தான் கை நிறைய அள்ளி ஊற்றினார், வழிந்து போனது. அப்போது பிள்ளைகள் கல்லை விட்டு வந்தார்கள். எல்லோரும் குனிந்து அள்ளி அள்ளி ஊற்றினார்கள். அக்கா திணறி எழுந்தாள்.

"முங்கிட்டேனா?"

"முங்கிட்ட" என்றார் அத்தான். அவருக்கே நிச்சயமில்லை.

அதற்குப் பிறகு எந்த ஞாயிறும் அத்தான் அவள் பக்கத்தைவிட்டு நகரவில்லை. பனி விழுவதற்குள் அக்கா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்ததும் அத்தான் கறுப்புக் கோட்டோடு ஆற்றில் இறங்கினார். பிள்ளைகள் வாளியைக் கொடுத்தார்கள். குனிந்து பார்த்தார். தகப்பன் வாசலிலேயே இருந்தது.

"மூக்கு நனைஞ்சுதா?" யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

"நனைஞ்சுது தாத்தா" என்றாள் டெஸ்ஸி. "நான்தானே ஊத்துனேன்."