காற்றில் ஒரு மலையும் கீழே மெத்தைக் கடையும்

விஆர் ஓவியம் வரைகிறவளுக்கு முதலில் வேண்டியது கற்பனை என்று நீங்கள் நினைத்தால், நீங்கள் இந்தத் தொழிலில் இல்லை. முதலில் வேண்டியது காலியாகக் கிடக்கும் ஒரு ரூம்.

தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு வார்த்தை. கண்ணை முழுக்க மறைக்கிற ஒரு கண்ணாடிப் பெட்டியைத் தலையில் மாட்டிக்கொள்வோம். கைக்கொரு பிடி. அதை அழுத்திக்கொண்டு கையை இழுத்தால், இழுத்த இடத்தில் வண்ணம் அப்படியே காற்றில் நிற்கும். காகிதம் கிடையாது, துணி கிடையாது. ஒரு மரத்தை வரைந்துவிட்டு அதற்குப் பின்னால் நடந்து போய் அதன் முதுகையும் வரையலாம். கேம் கம்பெனிக்காரர்களும் அனிமேஷன்காரர்களும் இதைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். ஆனால் வெளியே நின்று பார்ப்பவர்களுக்குத் தெரிவதெல்லாம், ஒரு பெண் வெறும் ரூமில் கையை வீசிக்கொண்டிருப்பதுதான். "வேலை செய்யறியா, வெளையாடறியா?" என்ற கேள்வியை வாழ்க்கையில் ஒருமுறையாவது வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் எல்லோரும் எனக்குச் சொந்தக்காரர்கள். உங்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ரூம் வேட்டை

எங்கள் வீடு கீழ்பென்னாத்தூரில். அங்கே என் கலை வாழ்க்கை ஒரு வாரம் நடந்தது. ஒரு டிராகனின் வாலை இழுத்து முடிக்கும் உற்சாகத்தில் நான்கு அடி பின்னால் போய், அப்பா அடுக்கிவைத்திருந்த மல்லாட்டை மூட்டைமேல் மல்லாந்து விழுந்தேன். மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. கடலைக்குச் சேதமில்லை என்று உறுதி செய்துகொண்ட பிறகுதான் அம்மா என்னைத் தூக்கினாள். அதனால் திருவண்ணாமலையில் ரூம் தேடினேன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி மொட்டை மாடியைக்கூட "காத்தோட்டமான ரூம்" என்று வாடகைக்கு விடுகிற ஊர் இது. இங்கே போய், "சாமான் எதுவும் போடமாட்டேன், சும்மா காலியாகத்தான் வைத்திருப்பேன்" என்று சொன்னால் யார் தருவார்கள்? நான் தலைமறைவுக் கேஸோ என்று ஒருவர் ஆதார் அட்டையை இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

கடைசியில் சலீம் பாய்தான் இரக்கப்பட்டார். கீழே அவருடைய மெத்தைக் கடை. மேலே ஒரே ஒரு பெரிய ரூம். கார்த்திகை தீபத்துக்கு முன்னால் ஊரிலுள்ள லாட்ஜ்கள் எல்லாம் மெத்தை கேட்கும். அப்போது அந்த ரூம் அவருக்குக் குடோன். அதுவரை நான் இருக்கலாம். அதற்குள் உருப்படியாக ஒரு உள்ளூர் ஆர்டர் பிடித்து, இது தொழில்தான் என்று காட்டிவிட்டால் தொடர்ந்து இருக்கலாம். காட்டாவிட்டால் நான் பழையபடி பேனர் கடைக்குப் போய், காதணி விழா பேனருக்குத் தாய்மாமன்களின் தலையை வெட்டி ஒட்ட வேண்டியதுதான். அந்தத் தலைகளுக்கு நான் பயந்தது யாருக்கும் தெரியாது. கண்ணாடியை ஒருமுறை மாட்டிப் பாருங்கள் பாய் என்று கெஞ்சினேன். தலை சுற்றும் என்று மறுத்துவிட்டார். ரூமை ஒரு நோட்டம் விட்டுச் சொன்னார்: "ரூம்னா ஆள் இருக்கணும், இல்லேன்னா மெத்தை இருக்கணும். வெறும் காத்து வெச்சிக்கினு என்னம்மா தொழில் அது?"

எதிர்வீட்டு அக்கா வந்தாள்

ஜன்னலைச் சாத்தினால் புழுங்கும், திறந்தால் சரோஜா அக்கா தெரிவாள். எதிர்வீட்டு மாடியில் துணி காயப்போடுகிறவள். அன்றைக்கு நான் ஒரு எரிமலையை வரைந்துகொண்டிருந்தேன். நெருப்புக் குழம்பைத் தரையிலிருந்து உச்சிவரை ஒரே மூச்சில் இழுக்க வேண்டும். குனிவேன், இரண்டு கையையும் உதறிக்கொண்டு எழுவேன், "ஹே!" என்று ஒரு சத்தம் தானாக வரும். கூந்தல் அவிழ்ந்தது எனக்குத் தெரியவில்லை. களைத்துப் போய்க் கண்ணாடியைக் கழற்றினால் எதிரே தட்டில் கற்பூரம் எரிகிறது. பக்கத்தில் எலுமிச்சம்பழம், வேப்பிலை. கைகூப்பிக்கொண்டு சரோஜா அக்கா.

நான் பதறிப்போய், அக்கா, இது அருள் இல்லை, ஆர்ட் என்று விளக்கினேன். கம்ப்யூட்டர் திரையில் எரிமலையையும் காட்டினேன். பொறுமையாகப் பார்த்தாள். நன்றாக இருக்கிறது என்றுகூடச் சொன்னாள். ஆனால் கற்பூரத் தட்டை மட்டும் கீழே இறக்கவில்லை. "அதெல்லாம் இருக்கட்டும் கோமதி. மாடியேறி வந்தது வந்துட்டேன். என் பொண்ணுக்கு எந்தத் திக்குலேர்ந்து வரன் வரும்னு மட்டும் சொல்லிடு."

சுவரும் நானும்

விளையாட்டுக்கு வாங்குகிற கண்ணாடி வேறு, நாம் பிழைப்புக்கு மாட்டுகிற கண்ணாடி வேறு. ஆனால் சுவர் இரண்டுக்கும் ஒன்றுதான். சுவரை நெருங்கினால் கண்ணுக்குள் நீல வலை ஒன்று தோன்றி எச்சரிக்கும். அருவி வரைகிற ஜோரில் நீல வலையை யார் பார்க்கிறார்கள்? வலது கையால் ஓங்கி ஒரு இழுப்பு. சுவர் அதிர்ந்தது, நான் அலறினேன், வலி தாங்காமல் ரூம் முழுக்கக் குதித்தேன். கீழே பாய் தலையில் காரை உதிர்ந்திருக்கும், இத்தோடு ரூம் போச்சு என்று நினைத்தபடி, வீங்கிய விரல்களோடு படியிறங்கினேன். பாய் முகமெல்லாம் பல்லாக நின்றார். "மேல என்னா சத்தம்னு வந்த பார்ட்டி கேட்டாங்க. மெத்தை மேல ஆளவுட்டு குதிக்க வெச்சு டெஸ்ட் பண்றோம்னு சொன்னேன், ஒடனே ரெண்டு டபுள் காட் எடுத்துட்டாங்க. நாளைலேர்ந்து வியாபார நேரமா பாத்து கொஞ்சம் ஜாஸ்தியாவே குதிம்மா."

வேறு கிரகம்

பெங்களூர் கம்பெனி ஒன்று ஒரு வேற்றுக்கிரகம் கேட்டது. மனிதக் கண் பார்த்திராத நிலப்பரப்பு வேண்டுமாம். எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். ஊதா வானம் போட்டேன். இரண்டு நிலா தொங்கவிட்டேன். பாறைக்குப் பாறை உள்ளே போய் உட்கார்ந்து, பிளவுகளுக்குள் தலையை விட்டுப் பச்சை ஒளி பூசினேன். சின்னக் கோடு ஒன்றை இமயமலை அளவுக்குப் பெரிதாக்கி அதன்மேல் நடக்கலாம் என்பது இந்தத் தொழிலின் போதை. சோறு தண்ணி மறந்து போகும். நடுவில் ஒரு மலையை நிறுத்தினேன். அது எங்கிருந்து என் கைக்கு வந்தது என்று நான் யோசிக்கவே இல்லை. பஸ்ஸில் வரும்போது தினமும் ஜன்னலில் கூடவே வருகிற மலை, கைக்கு வராமல் எங்கே போகும்?

அனுப்பிவிட்டு நகத்தைக் கடித்துக்கொண்டு காத்திருந்தேன். சரிபார்ப்பவர் வேலூர்க்காரர் என்பது அவர் போன் செய்தபோதுதான் தெரிந்தது. "கெரகம் சூப்பரா இருக்குது மேடம். நிலா ரெண்டும் டாப்பு. ஆனா எங்கூர்லேர்ந்து இதுக்கு நேர் பஸ்ஸே இருக்குது, போன பௌர்ணமிக்குத்தான் நான் சுத்திட்டு வந்தேன்."

பனிமூட்டம்

கிரகத்துக்கு ஆகாத அந்த மலையை ஏன் வீணாக்க வேண்டும்? இரண்டு நிலாவை இறக்கினேன், வானத்தை நம் வானமாக்கினேன், பாதையையும் கோபுரத்தையும் சேர்த்தேன். உள்ளூர் ஆர்டர் ஒன்று அதில்தான் மாட்டியது. அடி அண்ணாமலைப் பக்கம் புதிதாக லாட்ஜ் கட்டியிருக்கும் தனசேகர் சார், நடக்க முடியாமல் வரவேற்பறையிலேயே உட்கார்ந்துவிடுகிற யாத்ரீகர்களுக்கு இதைக் காட்டலாம் என்று ஆசைப்பட்டார். பார்க்க வந்தவர், நேராகக் கோயிலிலிருந்து வந்தார். நெற்றி நிறைய விபூதி. கண்ணாடியை மாட்டியதும் "ஆகா" என்றார். உச்சியில் தவழும் பனியை அப்படிப் புகழ்ந்தார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. அவர் கழற்றியதும் வாங்கிப் பார்த்தேன். நான் பனியே வரையவில்லை. அவர் நெற்றி விபூதி உதிர்ந்து லென்ஸில் ஒட்டியிருந்தது.

நேர்மை என்று ஒன்று இருக்கிறதே. துடைத்துவிட்டு, இதுதான் சார் ஒரிஜினல் என்று மறுபடி மாட்டிவிட்டேன். அவர் முகம் வாடிவிட்டது. "பரவால்ல, தப்பு சொல்லல. ஆனா முன்ன இருந்ததுல ஒரு களை இருந்துச்சும்மா. அந்தப் பனிய மட்டும் திரும்பப் போட்டுடு, தீபத்துக்கு முன்னாடி வீட்டுக்காரிய கூட்டினு வந்து முடிவு சொல்றேன்." நான் இரவும் பகலுமாகப் பனி வரைந்தேன். பனி வரைவது எவ்வளவு கஷ்டம் என்று இந்தத் தொழிலில் இருப்பவர்கள் அறிவார்கள். பாய் வந்து பார்த்தார், கண்ணாடி மாட்டாமலேயே. நான் காற்றை இரண்டு விரலால் தடவிக்கொண்டிருந்தேன். "ஏம்மா, தூசிய வெரட்றியா?"

வலம்

தீபத் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முந்தைய நாள் தனசேகர் சார் மனைவியோடு வந்தார். அதற்குள் பாயின் மெத்தைச் சரக்கு இறங்கிவிட்டது. படிக்கட்டில் மெத்தைகள் ஒன்றன் பின் ஒன்றாக ஏறி, என் ரூம் வாசல்வரை வந்து நின்றன. சார் வேண்டாமென்று சொன்னால் அவை உள்ளே வரும், நான் வெளியே போவேன். மெத்தைகளுக்கு நடுவில் நுழைந்து பாயும் வந்து கதவோரம் நின்றார். வேடிக்கை பார்க்க சரோஜா அக்காவும் வந்துவிட்டாள்.

மலையை இடுப்புயரத்துக்கு ரூமின் நடுவில் நிறுத்தி, சாருக்குக் கண்ணாடியை மாட்டினேன். கைகூப்பினார். நின்று பார்ப்பார் என்று நினைத்தேன். திருவண்ணாமலைக்காரர் மலையைக் கண்டால் நிற்பாரா? சுற்ற ஆரம்பித்துவிட்டார். இங்கே ஒரு தொழில் சங்கடம் இருக்கிறது. லட்சக்கணக்கான கோடுகள் உள்ள ஓவியத்தைத் தாங்க, கண்ணாடியிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு ஒயர் போக வேண்டும். சார் ஒரு சுற்று வந்தார், ஒயர் இடுப்பைச் சுற்றியது. அடுத்த சுற்றில் அது மார்புக்கு ஏறியது. "சார், அப்படியே ரிவர்ஸ்ல ஒரு ரவுண்டு வாங்க, ஒயர் பிரிஞ்சிடும்" என்றேன். சார் திடுக்கிட்டார். "என்னது, மலைய எடமா சுத்தறதா? நல்ல நாளும் அதுவுமா என்னம்மா சொல்ற?" அவர் மனைவி என்னை முறைத்தார். பயந்துபோய், அவர் நிற்கட்டும், மலையைச் சுழற்றுவோம் என்று பிடியை எடுத்து மலையைத் திருப்பினேன். "ஐயோ! மலை என்னைச் சுத்துது! நிறுத்து, அவ்ளோ பெரிய ஆள் இல்லம்மா நான்!" என்று கத்திக்கொண்டே சார் வேகமாக வலம் வர ஆரம்பித்தார். மேஜையில் லேப்டாப் நகர்ந்தது. அதற்குள்தான் என் மொத்த உழைப்பும். நான் மறுபக்கம் இருந்தேன். அது மேஜை விளிம்பைத் தாண்டிவிட்டது.

பாய் பாய்ந்து அதைப் பிடித்தார். குழந்தையை அணைப்பது போல நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு, ஒயர் பிரியும்வரை தனசேகர் சாரையே மூன்று சுற்றுச் சுற்றி வந்தார். சாருக்கு இது எதுவும் தெரியாது. அவர் மலையைக் கும்பிட்டுக்கொண்டிருந்தார். பிறகு சார் முன்னால் நடக்க, பாய் லேப்டாப்பை ஏந்திக்கொண்டு பின்னால் நடந்தார். "என்னாம்மா இது, உள்ள இட்லி வேகுதா? இந்தச் சூடு சுடுது" என்று முனகினாரே தவிர, நிற்கவில்லை. சாரின் மனைவி பின்னாலேயே சேர்ந்துகொண்டார். நான் சிரிப்பை அடக்கப் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன். அடி அண்ணாமலை வந்ததும் சார் நின்றார். பாதையோரம் அவருடைய லாட்ஜை நகமளவுக்கு வரைந்து, வாசலில் விளக்கும் போட்டிருந்தேன். "என் லாட்ஜு! இங்க பாருடி, நம்ம லாட்ஜு!" என்று வெறும் காற்றைக் காட்டி மனைவியிடம் குதித்தார். ஆர்டர் எனக்குத்தான் என்று அங்கேயே சொல்லிவிட்டார்.

கண்ணாடியை அடுத்து மாட்டிக்கொள்ளும் அவசரத்தில், சரோஜா அக்கா ரூமின் குறுக்கே நேராக நடந்து வந்தாள். அப்போதுதான் பாய் போட்டார் ஒரு சத்தம். "அக்கா! பாத்து! மலை மேல கால வெக்கிறியே!" சரோஜா அக்கா துள்ளிப் பின்வாங்கிக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். நான் பாயையே பார்த்தேன். அந்த மனிதர் ஒருநாளும் கண்ணாடியை மாட்டியதில்லை. லேப்டாப் திரையை நெஞ்சில் சாத்தியிருந்ததால் அதையும் பார்க்கவில்லை. ஆனாலும் இத்தனை சுற்றிலும் நடுவில் ஒரு அடி வைக்காமல், குறுக்கு வழி இருந்தும், ஓரமாகவே நடந்திருக்கிறார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்துவிட்டது. அழுதே விட்டேன். பாய் லேப்டாப்பை என் கையில் கொடுத்துவிட்டு வாசலுக்குப் போனார், முதல் மெத்தையை முதுகில் ஏற்றினார். ரூமுக்குள் வரவில்லை, படியிறங்கினார். பாதிப் படியில் திரும்பிப் பார்த்தார். "இதெல்லாம் எங்கூட்டு ஹால்ல கெடக்கட்டும். மலை இருக்கற ரூம்ல மெத்தைய எங்கம்மா போடறது?"

ஆக, சக தொழிலாளிகளே, நம் ஓவியம் தொழில்முறைத் தரத்துக்கு வந்துவிட்டதா என்று சோதிக்க நான் கண்டுபிடித்த ஒரே வழி, அதைப் பார்க்கவே பார்க்காத ஒருவர் அதை மிதிக்காமல் சுற்றிப் போகிறாரா என்று கவனிப்பதுதான்.