அண்ணனின் கடைசிச் சுற்று

என் கையிலிருந்த ரேடியோ பெட்டி கீச்சென்று ஒருமுறை அலறி அடங்கியது. தொண்ணூறுகளின் நடுவில், வெள்ளகோவில் பக்கம் ஒரு மில் முதலாளி தன் குட்டி விமானத்துக்காகப் போட்டிருந்த ஓடுதளத்தின் ஓரம் நின்றிருந்தேன். அந்த விமானத்தை ஓட்டியவர் என் அண்ணன். பெட்டியில் விமானிகள் பேசுவதைக் கேட்கலாம், நாம் பேச முடியாது.

அண்ணனுடைய மரியாதை ஊரறிந்தது. பந்தியில் எல்லோரும் உட்காரும்வரை இலை முன் உட்கார மாட்டார். குறுகலான பாலத்தில் எதிரே மாட்டுவண்டி வந்தாலும் காரை நிறுத்தி வழிவிடுவார். "இப்படியே போனா நாம ஊடு போய்ச் சேந்தாப்பலதானுங்க" என்று அண்ணி முணுமுணுப்பார். அண்ணன் சிரிப்பதோடு சரி.

ஆகாயத்தில் இந்த உபசாரம் ஆகாது. கட்டுப்பாட்டு அறை இல்லாத ஓடுதளத்தில் தாழப் பறப்பவர் முதலில் இறங்க வேண்டும், மேலே இருப்பவர் சுற்றி வர வேண்டும். இது அண்ணனுக்குத் தெரியாததல்ல. அன்று மாலை அவர் இறங்க வந்த நேரம் பார்த்து, பல்லடத்துக்காரர் ஒருவர் ஓட்டிய இன்னொரு விமானமும் வந்தது. அவர் அண்ணனுக்கு மூத்தவர், சிநேகிதர். அண்ணன்தான் தாழ இருந்தார். ஆனாலும் பெரியவரை முந்தி இறங்க அவருக்கு மனம் வரவில்லை.

இருவரும் ஒரே நேரத்தில் பொத்தானை அழுத்திப் பேசினால் இருவர் பேச்சும் கேட்காது, கீச்சொலிதான் மிஞ்சும். என் பெட்டியில் கேட்டதும் அதுதான். எதிராளி இறங்கட்டும் என்று இருவருமே சுற்றப் போனார்கள். அண்ணனின் விமானத்துக்கு இறக்கை தலைக்கு மேலே, அதனால் மேலே இருப்பது தெரியாது. மற்றதற்கு இறக்கை காலடியில், கீழே இருப்பது தெரியாது. சுற்றுவதற்காக மேலேறிய அண்ணன் அதன் அடிவயிற்றில் மோதினார். பல்லடத்துக்காரர் சக்கரம் ஒடிந்து எப்படியோ இறங்கிவிட்டார். அண்ணன் சோளக்காட்டில் விழுந்து இறந்தார்.

இப்போதெல்லாம் பக்கத்தில் விமானம் வந்தால் எச்சரிக்கும் கருவி உண்டாம். அன்று அவர்கள் இருவரிடமும் அது இல்லை.

காரியம் முடிந்தபின் பல்லடத்துக்காரர் வந்தார். உள்ளே வராமல் வெளிக்கதவருகிலேயே நின்றார். "மொற அவருதுங்க அம்மணி. எறங்குங்கன்னுதான் சொன்னேன்" என்று உள்ளே இருந்த அண்ணிக்குக் கேட்கும்படி சொன்னார். அண்ணனும் அதையேதான் சொல்லியிருப்பார். அந்த ஆளைக் கண்டபடி திட்ட வேண்டும் என்று வெளியே வந்தேன். எனக்கு முன்னால் அண்ணி போய்விட்டார்.

"நீங்களாவது எறங்கீட்டீங்களேங்க. உள்ள வாங்க."

எனக்கு அந்த மனசு இல்லை. அவரைக் கடைவீதியில் பார்த்தால் இன்றும், ஏன் நீங்கள் மட்டும் என்றுதான் கேட்கத் தோன்றுகிறது.