இரண்டு ஊரை ஒன்றாக்கியவன்

ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் ஜப்பானிய மொழிபெயர்ப்பாளனாக இருந்தபோது என் தலைக்கனத்துக்கு அதன் கேட் அகலம் போதாது. ஜப்பானிய மொழித் தேர்வில் இரண்டாம் முறைதான் தேறினேன். முதல் முறையைப் பற்றி யாரிடமும் மூச்சு விட்டதில்லை.

கம்பெனி பஸ் நிற்கும் இடங்களின் பட்டியல் ஒருநாள் ஆங்கிலத்தில் வந்தது. வில்லேஜ், ஹேம்லெட், காலனி என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். அதை ஜப்பானிய மேலாளருக்கு அவர் மொழியில் தரவேண்டும். ஊருக்கு ‘முரா’ இருக்கிறது. நாலைந்து வீடுள்ள குடியிருப்புக்கு ‘ஷூராகு’ இருக்கிறது. காலனியில் மாட்டிக்கொண்டேன். ஊரைவிட்டுத் தள்ளி ஏன் தனியாக ஒரு தெரு என்று மேலாளர் கேட்பார். பதில் சொல்ல வெட்கமாக இருந்தது. ஊரையும் காலனியையும் சேர்த்து ஒரே முரா என்று எழுதிவிட்டேன். பெரிய சீர்திருத்தம் செய்துவிட்ட மிதப்பில் அன்று கேன்டீனில் இன்னொரு கரண்டி சாம்பார் கேட்டு வாங்கினேன்.

ஒரு முராவுக்கு ஒரு ஸ்டாப் போதும் என்று மேலாளர் காலனி ஸ்டாப்பை அடித்துவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து, லைனில் கான்ட்ராக்டில் வேலை செய்யும் காலனிப் பெண் ஒருவர் என் மேஜைக்கு வந்தார். மிச்சமிருந்த ஸ்டாப் ஊர்க் கோயில் முன்னால், அங்கே அவர்களை ஊர்க்காரர்கள் நிற்க விடவில்லையாம். மெயின் ரோட்டுக்கு நடந்து போவதற்குள் பஸ் போய்விடுகிறது. மூன்று நாள் லேட். இன்னொரு நாள் லேட்டானால் வேலை இல்லை என்று கான்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

அது என் கைவேலைதான் என்று ஒப்புக்கொண்டேன். நல்ல எண்ணத்தில் செய்தேன் என்றும் சேர்த்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை.

“ஜப்பான்காரருகிட்ட ரெண்டும் ஒண்ணுன்னு சொல்ட்டீங்க. அப்டியே எங்க ஊர்லயும் வந்து ஒரு வார்த்தை சொல்ட்டுப் போங்க சார். நாங்க கோயிலாண்டயே நின்னு ஏறிக்கிறோம்.”

மேலாளரிடம் ஓடினேன். ஒரே முராவில் எதற்கு இரண்டு ஸ்டாப் என்று கேட்டார். தூரம் என்றேன். எவ்வளவு என்றார். கூசாமல் இரண்டு கிலோமீட்டர் என்றேன். உண்மையில் ஐந்து நிமிட நடை. அன்றே ஸ்டாப் திரும்பக் கிடைத்தது, அந்தப் பெண்ணின் வேலையும் தப்பியது.

அவர் கூப்பிட்ட ஊருக்கு மட்டும் நான் போகவில்லை. அங்கே தமிழில் சொல்ல வேண்டியிருக்கும்.