ம் கொட்டாத கதை

எங்கள் ஊர் நூலகத்தில் ஞாயிற்றுக்கிழமை கதை நேரம். கதை சொல்லும் பெண் ஒரு வரியை ஆங்கிலத்தில் சொல்லி, அதையே தமிழிலும் சொல்லிப் பக்கத்தைப் புரட்டினாள். பாயில் பதினான்கு குழந்தைகள். வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் என் பேத்தி ஆங்கில வரிக்கு ஐந்து முறை சிரித்தாள். தமிழ் வரிக்கு ஒருமுறைகூட இல்லை. நாளை மறுநாள் கிளம்பிவிடுவாள். இங்காவது தமிழ் காதில் ஏறட்டும் என்றுதான் அழைத்து வந்தேன்.

பக்கம் புரளும் இடைவெளியில் என்னை அறியாமல் "ம்" என்றேன்.

சின்ன வயதில் வெண்ணந்தூரில் அத்தை விதைக்கடலை உரித்துக்கொண்டே எங்களுக்குக் கதை சொல்லும். வீடெல்லாம் கடலைத்தொலியின் மண் வாசனை. வரிக்கு ஒரு "ம்" கொட்ட வேண்டும். தவறினால் தொலி தலையில் வந்து விழும்.

"ஏஞ்சாமி, தூங்கிப்போட்டியா? நீ ம் கொட்டாட்டி ராசா குதிரை மேலயே உக்காந்திருப்பான், எறங்க மாட்டான்."

அவனை இறக்கிவிடவே கண்ணைக் கசக்கிக்கொண்டு விழித்திருப்போம்.

பேத்தி திரும்பி உதட்டில் விரலை வைத்தாள். "ஷ்ஷ்! தாத்தா, நோ டாக்கிங்!"

"சரிங்க சாமி" என்று வாயை மூடிக்கொண்டேன்.

அதன்பின் யாரும் ம் கொட்டவில்லை. கதை நிற்காமல் போய்க்கொண்டிருந்தது.