இரண்டாவது ஹீட்

எங்கள் வீட்டுக்குள் நீச்சல் மருந்தாகத்தான் நுழைந்தது. அப்போது கொரட்டூரில் குடியிருந்தோம். மகளுக்கு ஏழு வயது, மாசம் தவறாமல் மூச்சிரைப்பு. ஏரிக் காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்றார்கள், அம்பத்தூர் எஸ்டேட் கம்பெனிகளின் புகை என்றார்கள். டாக்டர், "நீச்சல்ல சேத்துடுங்க, நுரையீரலுக்கு நல்லது" என்றார். மாத்திரைக்கும் மூச்சு இழுக்கிற பம்புக்கும் ஆகிற செலவில் இதுவும் ஒன்று என்று அம்பத்தூர் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் குளத்தில் சேர்த்தோம். வருஷத்துக்குள் மூச்சிரைப்பு போய்விட்டது. நீச்சல் போகவில்லை.

காரணம் அங்கிருந்த கோச். ஒருநாள் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குக் கை நீளம்மா. காம்பெடிஷன் பேட்ச்ல போடலாம்" என்றார். அதுவரைக்கும் கை நீளம் என்று யாரையாவது சொன்னால் எனக்குத் திருட்டுக் கைதான் ஞாபகம் வரும். அன்றைக்கு உச்சி குளிர்ந்துபோய் வீட்டுக்கு வந்தேன். வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவர் மகளைக் கூப்பிட்டு இரண்டு கையையும் விரிக்கச் சொல்லிப் பார்த்தார். "ஆமா, நீளமாத்தான் கீது" என்றார். அவ்வளவுதான் யோசனை, அவ்வளவுதான் முடிவு.

காம்பெடிஷன் பேட்ச் என்றால் காலையும் உண்டு, மாலையும் உண்டு. பாடியில் ஒரு பாத்திரக்கடையில் பில் போட்டுக்கொண்டிருந்தேன். இரண்டு வேளையும் குளத்தங்கரையில் உட்கார்ந்திருப்பவளுக்கு எந்த முதலாளி சம்பளம் கொடுப்பான்? நானே நின்றுவிட்டேன். கொரட்டூர் வாடகை கட்டுப்படியாகாமல் திருநின்றவூருக்கு வந்தோம். அங்கே வாடகை பாதி, ஆனால் குளம் தூரம். விடியுமுன் மகளை எழுப்பி, தலையில் தேங்காயெண்ணெய் வைத்து, எலெக்ட்ரிக் ட்ரெயினில் உட்காரவைத்தால் அம்பத்தூர் வரை என் தோளில் தூங்கிக்கொண்டே வருவாள். எத்தனை எண்ணெய் வைத்தாலும் குளோரின் விடாது, முடி செம்பட்டையாகிவிட்டது. பக்கத்து வீட்டுக்காரி, "இன்னாக்கா, பொண்ணுக்கு கலர் அடிச்சிருக்கியா?" என்று கேட்டாள். ஆமாம், எங்களுக்கு அது ஒன்றுதான் குறைச்சல்.

முடியைத் தின்ற மாதிரியே நீச்சல் உடையையும் குளோரின் தின்னும். முதலில் சாயம் போகும், பிறகு பின்பக்கம் மெலிந்து உள்ளே தெரிய ஆரம்பிக்கும். போட்டிக்கு என்று தனி உடை வேண்டும். அதன் விலையைக் கேட்டு, "பட்டுப்புடவையாவது பொண்ணு கல்யாணம் வரைக்கும் பொட்டிக்குள்ள கெடக்கும்" என்று கடைக்காரனிடம் சொன்னேன். அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

இதற்கெல்லாம் பணம் வந்தது வீட்டுக்காரரின் தூக்கத்திலிருந்து. அம்பத்தூர் எஸ்டேட்டில் வண்டிக்கு உதிரிபாகம் செய்கிற கம்பெனியில் அவர் பிரஸ் மிஷின் ஓட்டுகிறார். ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்த ஷிப்டுக்கு ஆள் வராவிட்டால், இருக்கிற ஆளே தொடர்ந்து நிற்கலாம். அதற்கு டபுள் என்று பெயர். மற்றவர்கள் தீபாவளிக்கு டபுள் போடுவார்கள், இவர் வாராவாரம் போட்டார். நாங்கள் கிளம்பும்போது அவர் வீட்டில் இருக்கமாட்டார். இருந்தால் தூங்குவார். மகள் நீந்தி அவர் ஒருதரமும் பார்த்ததில்லை. போட்டிக்குப் போய் வந்தால் "இன்னா ஆச்சு?" என்று கேட்பார். பதிலைக் கேட்டு முடிப்பதற்குள் கண் சொருகிவிடும். என்னிடம் பேசுவதும் குறைந்துபோயிற்று. சண்டை ஒன்றுமில்லை. சண்டை போடவும் ஆள் விழித்திருக்க வேண்டுமே.

ஒன்பதாம் வகுப்பு ஆரம்பித்த வருஷம், விடியற்காலையில் பிளாட்பாரத்தில் நிற்கும்போது மகள் சொன்னாள்.

"மா, நிறுத்திடலாமா?"

"இன்னாத்த?"

"நீச்சல. ஒரு வருஷமா என் டைமிங் எறங்கவே இல்லமா. மத்த பசங்க எல்லாம் எங்கியோ பூட்டாங்க. கோச் சாரே இப்பெல்லாம் என்ன ஒண்ணும் சொல்றதில்ல."

அழவில்லை, கோபப்படவில்லை. கடையில் சர்க்கரை இல்லை என்று வந்து சொல்வதுபோலச் சொன்னாள். எனக்கும் அதிர்ச்சி இல்லை. கரையில் உட்கார்ந்து பார்க்கிறவளுக்குத் தெரியாதா? ரயில் வந்தது, ஏறினோம், வழக்கம்போல என் தோளில் சாய்ந்து தூங்கினாள். இத்தனை வருஷத்தை இப்படி ஒரே பேச்சில் நிறுத்திவிடலாம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. மனசுக்குள் லேசாக இருந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்த நேரம் பார்த்து விஷயத்தைச் சொன்னேன். ரசத்தை ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார். தூங்கிவிட்டாரோ என்று பார்த்தேன். இல்லை.

"நான் ஒருவாட்டி கூட பாத்ததில்லமே" என்றார். "ஒரே ஒருவாட்டி கண்ணால பாத்துடறேன். பாத்துட்டு, நிறுத்தணும்னா நிறுத்திடலாம். நான் குறுக்க நிக்கல."

நியாயமாகத்தான் பட்டது. அடுத்து வந்தது மாவட்டப் போட்டி, ஞாயிற்றுக்கிழமை. அவர் வந்து உட்காரட்டும், மகள் கடைசியாக வருவதைத் தன் கண்ணாலேயே பார்க்கட்டும். நாங்கள் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. மகளுக்கும் அது பிடித்திருந்தது. தோற்பதற்காக இத்தனை நிம்மதியாக ஒரு போட்டிக்குக் கிளம்பிய பிள்ளையை நான் பார்த்ததில்லை.

ஆனால் ஞாயிறு அவருக்கு வாரவிடுப்பு இல்லை. கூட வேலை செய்கிறவரிடம் கைமாற்று பேசிக்கொண்டார். இவருடைய ஞாயிற்று ஷிப்டை அவர் பார்ப்பார், அவருடைய சனிக்கிழமை ஷிப்டை இவர் பார்ப்பார். சனிக்கிழமை இவருக்கே ஒரு ஷிப்ட் இருந்தது. ஆக, அதுவும் ஒரு டபுள். லீவு போட்டால் போயிற்று, ஆனால் லீவு போட்டால் அந்த மாசத்து ஊக்கத்தொகை போய்விடும். பிள்ளையைப் பார்ப்பதற்கும் டபுள் போடுகிற புத்தி எஸ்டேட்டில் வேலை செய்கிறவருக்குத்தான் வரும்.

போட்டி நகரத்துக்குள்ளே பெரிய குளத்தில். அவர் கம்பெனியிலிருந்து நேராக வந்தார், சட்டையில் எண்ணெய்க் கறையோடு. கேலரியின் மேல்படியில், சுவரோரம் நிழலாக ஓர் இடம் பார்த்து உட்காரவைத்தேன். கீழே குளத்தங்கரையில் நின்ற மகள் அவரைப் பார்த்துக் கையாட்டினாள். அவரும் எழுந்து நின்று ஆட்டினார். கொண்டுபோன இட்லியைச் சாப்பிட்டார். "ஆரம்பிச்சதும் சொல்லு" என்றார். "இன்னும் நேரம் இருக்கு" என்றேன். அப்படித்தான் நானும் நினைத்தேன்.

ஒரு போட்டிக்கு நிறையப் பிள்ளைகள் இருந்தால் எட்டு எட்டாகப் பிரித்து விடுவார்கள். ஒவ்வொரு பிரிவும் ஒரு ஹீட். எல்லா ஹீட்டும் முடிந்தபிறகு நேரத்தை வைத்து எட்டுப் பேரை ஃபைனலுக்கு எடுப்பார்கள். மெதுவாக நீந்துகிறவர்களை முதல் ஹீட்டுகளில் போடுவார்கள், அதிலும் மெதுவானவர்களை ஓரத்து லேன்களில். என் மகள் முதல் ஹீட், ஏழாவது லேன். அவளோடு பயிற்சி செய்கிற இன்னொரு பெண் இரண்டாவது ஹீட், நாலாவது லேன். இரண்டு பேரும் ஒரே உயரம். எங்கள் குளத்துப் பிள்ளைகள் எல்லோருக்கும் ஆரஞ்சுத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி. அந்த வேஷத்தில் பெற்ற தாய்க்கே நடையை வைத்துத்தான் அடையாளம் தெரியும்.

துண்டு கொடுக்க நான் கீழே இறங்கியிருந்தேன். முந்தின போட்டிக்குப் பாதிப் பேர் வரவில்லையாம், மைக்கில் திடீரென்று எங்கள் போட்டியைக் கூப்பிட்டுவிட்டார்கள். கேலரியை நிமிர்ந்து பார்த்தேன். சுவரில் தலை சாய்ந்து, வாய் திறந்து, அவர் தூங்கிக்கொண்டிருந்தார். கையாட்டினேன். பக்கத்தில் இருந்தவர்களுக்கு ஜாடை காட்டினேன், யாரும் கவனிக்கவில்லை. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது, யார்மேல் என்றுதான் தெரியவில்லை. மகள் ஏழாவது மேடையில் ஏறி நின்று அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். வேண்டாம், எழுப்பாதே என்பதுபோலத் தலையை அசைத்தாள். விசில் ஊதினார்கள்.

கடைசியாகத்தான் வந்தாள். மற்றவர்கள் சுவரைத் தொட்டுக் கண்ணாடியைக் கழற்றிய பிறகும் இவள் வந்துகொண்டிருந்தாள். ஏணி வழியாக ஏறி வந்தவளுக்குத் துண்டைப் போர்த்தினேன்.

"அப்பா பாத்தாரா?"

"இல்லடி."

"பரவால்ல. நானே போய்ச் சொல்லிடறேன், கடைசின்னு." குளிரில் பல் தந்தியடிக்கச் சிரித்தாள். எத்தனையோ மாசத்துக்குப் பிறகு அவள் முகத்தில் குழந்தைக் களை இருந்தது. "நாளைக்கு நல்லா தூங்குவேன்மா" என்றாள்.

அப்போது இரண்டாவது ஹீட்டுக்கு விசில் ஊதினார்கள். பிள்ளைகள் குதித்தார்கள், கேலரியில் கூச்சல் எழும்பியது. அந்தக் கூச்சலுக்குள் எங்களுக்குத் தெரிந்த ஒரு குரல்.

"பாப்பா! உடாத பாப்பா! அப்படித்தான், உடாத!"

இருவரும் நிமிர்ந்து பார்த்தோம். அவர் மேல்படியிலிருந்து கீழ்க் கம்பிவரை இறங்கி வந்திருந்தார். தண்ணீரில் நாலாவது லேனில் போகிற ஆரஞ்சுத் தொப்பியைப் பார்த்து, கம்பியை ஆட்டி ஆட்டிக் கத்தினார். அந்தப் பெண் நன்றாக நீந்தினாள், முதலாவதாகச் சுவரைத் தொட்டாள். அவர் இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கித் தட்டினார். பக்கத்தில் நின்ற யாரோ ஒருவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். என் மகள் துண்டைப் பிடித்தபடி பார்த்துக்கொண்டே இருந்தாள்.

வெளிப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு அவர் கீழே வரும்வரை மகள் துண்டைப் போர்த்தியபடி என் பக்கத்திலேயே நின்றாள். அவர் கண்ணெல்லாம் சிவந்து கிடந்தது. அழுதிருந்தார்.

"பாத்துட்டேன்மா" என்றார் அவளிடம். "தண்ணிய கிழிச்சிகினு போன பாரு, என் ஜென்மத்துக்கும் போதும். கண்ணு அசந்துட்டேனோன்னு பயந்துகினே முழிச்சேன். நல்ல வேள, விசில் சத்தம் எழுப்பிடுச்சி."

இப்போது சொல்லிவிடுவாள் என்று நான் காத்திருந்தேன். மகள் அவர் முகத்தையே பார்த்தாள்.

"பாத்தியாப்பா?" என்றாள்.

"பின்ன? மொத ஆளா தொட்டியே."

"ஆமாப்பா" என்றாள்.

ஃபைனலுக்கு எடுத்தவர்களை அறிவித்தார்கள். எங்கள் குளத்துப் பிள்ளை ஒருத்தியும் அதில் இல்லை. அவருக்குக் கோபம் வந்துவிட்டது. கோச்சிடம் போய், "மொதல்ல வந்த பொண்ண எப்டி சார் உட்டீங்க?" என்று கேட்டார். கோச் மகளைப் பார்த்தார், மகள் தரையைப் பார்த்தாள். "டைமிங் பத்தல சார்" என்றார் கோச். அது பொய்யில்லை.

திரும்பும்போது மூன்று பேரும் ஒன்றாக ரயிலில் வந்தோம். எத்தனை வருஷத்துக்கு அப்புறமோ. அவர் திருநின்றவூர் வரைக்கும் கண் மூடவில்லை. எதிர்சீட்டுக்காரரிடம், "நம்ம பொண்ணு சார், ஸ்விம்மிங்" என்றார். என்னிடம் திரும்பி, "நல்ல வேள நிறுத்தல. டைமிங் தானே, இன்னும் ஒரு டபுள் போட்டா போவுது. தனி கோச்சிங் வச்சிக்கலாம்" என்றார். மகள் ஈரப் பையை மடியில் வைத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் பார்த்தபடி வந்தாள். இறங்கியதும் ஸ்டேஷன் வாசலில் பிரியாணி வாங்கினார். சாப்பிட்டோம். நன்றாகத்தான் இருந்தது.

அவர் தூங்கப் போனபின், "சொல்லிடலாமாடி?" என்று மெல்லக் கேட்டேன். மகள் நீச்சல் உடையை அலசிக் கொடியில் போட்டுக்கொண்டிருந்தாள். சாயம் போய், அதன் வழியாக எதிர்வீட்டு மதில் தெரிந்தது.

"காலைல எழுப்பும்மா" என்றாள்.

எழுப்பினேன். அதற்கப்புறமும் எழுப்பிக்கொண்டுதான் இருக்கிறேன். அவள் மறுபடியும் நிறுத்தலாமா என்று கேட்கவில்லை, நானும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பிளாட்பாரத்தில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிறோம், ரயில் வருகிறது, ஏறுகிறோம். எனக்குத் துக்கம் என்றும் சொல்ல முடியவில்லை. பல் பிடுங்குமுன் ஊசி போடுவார்களே, தொட்டால் தொட்டது தெரியும், வலி தெரியாது. அப்படி ஓடுகிறது.

அவர் அதற்குப் பிறகு எந்தப் போட்டிக்கும் வரவில்லை. "அதான் ஒருவாட்டி பாத்துட்டேனே" என்பார். பார்த்ததைச் சொல்வதில் மட்டும் அலுப்பே இல்லை. போன வாரம் என் தம்பி வந்திருந்தான். சாப்பாட்டுக்கு உட்கார்ந்ததும் ஆரம்பித்துவிட்டார். விசில் ஊதியது, இவர் முழித்தது, கம்பியைப் பிடித்துக் கத்தியது, எல்லாம்.

"மூணாவது லேன்ல போறா மாப்ள, பக்கத்துல ஒரு பொண்ணு வர முடியல" என்றார்.

மகள் அடுப்படியில் அப்பளம் பொரித்துக்கொண்டிருந்தாள். எண்ணெயிலிருந்து கண்ணை எடுக்காமல், "நாலாவதுப்பா" என்றாள்.

"ஆங், நாலாவது" என்று திருத்திக்கொண்டு அவர் மேலே சொல்லிக்கொண்டு போனார்.