சுடலைமுத்துவின் ஒன்பது கிராம்

ஊதா மூடி டியூப்பில் ரத்தம் ஏறும்போதே அது வெளுத்திருக்கிறதா என்று சொல்லிவிடுவேன். படித்தது எட்டாம் கிளாஸ். தென்காசியில் ஒரு லேபில் டியூப் கழுவ வந்தவன் நான். இன்றைக்கு என் சொந்த லேபில் டிப்ளமோ படித்த நாலு பேர் வேலை பார்க்கிறார்கள். எனக்குச் சிக்காத நரம்பு இந்தத் தாலுகாவில் எவன் கையிலும் கிடையாது.

ரெண்டு வருஷம் முன்புவரை என் கவுன்டரில் ஒரு பழக்கம் இருந்தது. ரத்த அணுக்களை எண்ணிச் சொல்கிற சிபிசி ரிப்போர்ட்டில் கூடின, குறைந்த எண்ணுக்குச் சிவப்புக் கோடு போட்டு, பலனும் நானே சொல்லிவிடுவேன். வெள்ளை அணு கூடினால் உள்ளே எங்கேயோ சீழ், பிளேட்லெட் இறங்கினால் காய்ச்சலைச் சும்மா விடாதே, இப்படி. அதைக் கேட்கவே புளியறையிலிருந்தெல்லாம் வந்தார்கள்.

சுடலைமுத்து பாவூர்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். ஐம்பது வயதிருக்கும். படியேறினால் மூச்சு வாங்குது என்று வந்தார். ஹீமோகுளோபின் ஒன்பது கிராம்; ஆம்பளைக்குப் பதிமூன்றாவது இருக்க வேண்டும். சிவப்பணு அளவிலும் சிறுத்திருந்தது.

"டாக்டர்ட்ட காட்டணுமா அண்ணாச்சி?"

"ரத்தம் கொஞ்சம் கம்மி, அவ்வளவுதான். கீரையும் பேரீச்சம்பழமும் தின்னும். நாலு மாசத்துல மூட்டையோட ஓடுவீரு."

கவுன்டரில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார்.

மாதாமாதம் ரத்தம் போகிற பெண்ணுக்கு ஒன்பது என்றால் ஒரு காரணம் கண்ணுக்குத் தெரியும். மூட்டை தூக்குகிற ஆம்பளைக்கு ரத்தம் எந்த வழியாகப் போகிறது? அந்தக் கேள்வி எனக்குத் தோன்றவில்லை.

ஏழு மாதம் கழித்து அவரை மனைவி கைத்தாங்கலாகக் கூட்டி வந்தார். ஊசியில் வந்தது ரத்தம் மாதிரியே இல்லை. ஹீமோகுளோபின் ஐந்து. அன்றைக்கு நான் பலன் சொல்லவில்லை. ஆட்டோ பிடித்துப் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பினேன். குடலில் கட்டி, வெளியே தெரியாமல் மாதக்கணக்கில் கசிந்திருக்கிறது, ஈரலுக்கும் பரவிவிட்டது என்றார்களாம். குற்றாலத்தில் சாரல் தொடங்குமுன்னே போய்விட்டார்.

பதினாறாம் நாள் கழிந்து மனைவி வந்தார். ரெண்டு ரிப்போர்ட்டையும் மேஜையில் வைத்தார்.

"அன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போவோம்னு கூப்பிட்டேன் அண்ணாச்சி. நீங்களே கீரை போதும்னு சொல்லிட்டியளாம். தெனமும் ஆஞ்சு போட்டேன்."

டாக்டரிடம் போக வேண்டாமென்று நான் சொல்லவில்லையே என்று வாய்வரை வந்தது. முதல் ரிப்போர்ட்டில் ஒன்பதுக்குக் கீழே நான் போட்ட சிவப்புக் கோட்டைப் பார்த்தேன்.

இப்போது கோடு மட்டும்தான் போடுகிறேன். கேட்கிறவர்களிடம், டாக்டரிடம் கொண்டு போங்க என்பதோடு சரி. அண்ணாச்சிக்கு வயசாயிட்டு, முன்ன மாதிரி சொல்ல மாட்டேங்காரு என்று பேசிக்கொள்கிறார்கள். பேசட்டும். ரத்தம் எவ்வளவு குறைந்தது என்று என் லேபில் சொல்லலாம். ஏன் குறைந்தது என்று கவுன்டரில் நின்றபடி யாராலும் சொல்ல முடியாது. என்னாலும்தான்.